ஏழாம் குழியில் ஒரு நாற்காலி

அந்த மைதானத்தில் ஆடிவிட்டுப் போகிறவர்கள் இணையத்தில் எதை எழுதினாலும் எழுதாவிட்டாலும் மூன்று விஷயங்களை மட்டும் விடமாட்டார்கள். ஒன்று ஏரி. இன்னொன்று காற்று. மூன்றாவது, துலுக்கானத்தின் கண்.

"சென்னைக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படி ஓர் இடமா! ஏழாவது குழியில் நின்றால் முன்னால் தண்ணீர், தலைக்கு மேல் கூழைக்கடா. எங்கள் கேடி துலுக்கானத்துக்குக் கழுகுக் கண். ஒரு பந்துகூடத் தொலையவில்லை" என்று போரூர்க்காரர் ஒருவர் எழுதியிருந்தார். பெங்களூரிலிருந்து வந்த தம்பதி, கோரைக்குள் போன பந்தைக்கூட அரை நிமிடத்தில் கண்டுபிடித்துக் கொடுத்தார் என்று வியந்திருந்தார்கள். கேன்டீனில் இட்லி ஆறிப்போயிருந்தது என்று மூக்கால் அழுத மனிதர்கூடக் கடைசி வரியில் துலுக்கானத்தைக் கேட்டு வாங்குங்கள் என்று எழுதாமல் போகவில்லை.

கேடி என்றால் போலீஸ்காரர் தேடுகிற கேடி அல்ல. கோல்ஃப் ஆட வருகிறவரின் மட்டைப் பையைத் தோளில் சுமந்து, கூடவே நடந்து, பந்து போய் விழுகிற இடத்தைப் பார்த்துச் சொல்கிற ஆள். நெமிலிச்சேரியில் ரயிலை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோவில் பத்து நிமிடம் போனால் ஏரிக்கரையில் இருக்கிறது மைதானம். ஒன்பது குழி. உறுப்பினர் சந்தா, சிபாரிசுக் கடிதம் எதுவும் வேண்டாம், காலையில் பணம் கட்டினால் யாரும் ஆடலாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த துலுக்கானம், கம்பெனியை மூடியதும் இங்கே வந்து பையைத் தூக்கினார். அது நடந்து பதினெட்டு வருஷம். இப்போது அவருக்கு ஐம்பத்தொன்பது.

எல்லோரும் மெச்சிய அந்தக் கண்ணுக்கு உண்மையில் என்ன தெரியும் என்றால், ஒரு குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவு தெரியும். நேர் எதிரே வைத்தால் பஸ் டிக்கெட்டின் எண்ணைக்கூடப் படிப்பார். ஆனால் மேலே, கீழே, பக்கவாட்டில் எல்லாம் ஒன்றுமில்லை. வானத்தில் பறக்கிற பந்து அவரைப் பொறுத்தவரை இல்லாத பந்து. கண்ணில் அழுத்தம் என்றார் டாக்டர். போன பார்வை போனதுதான், இருக்கிறதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து போடு என்றார். இரண்டு வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். தூசிக்குப் போடுகிற மருந்து என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்.

பந்து தெரியாத கேடிக்கு மைதானத்தில் என்ன வேலை? ஒன்றுமில்லை. இதை அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதனால் துலுக்கானம் ஒரு வழி கண்டுபிடித்தார்.

மட்டை பந்தில் படுகிற சத்தத்திலேயே அது இடது பக்கம் போகிறதா, வலது பக்கம் போகிறதா, எவ்வளவு தூரம் போகிறது என்று அவருக்குத் தெரியும். தண்ணீரில் விழுந்தால் ஒரு சத்தம், மணலில் ஒரு சத்தம், பனங்கட்டையில் ஒரு சத்தம். பத்துக்கு எட்டுத் தடவை காதே கொண்டுபோய்ப் பந்தின் பக்கத்தில் நிறுத்திவிடும். மீதி இரண்டு தடவைக்குத்தான் ஓர் ஓட்டைப் பாக்கெட்.

காலையில் ஆட வந்தவரின் பந்தை ஈரத்துண்டால் துடைத்துத் தருகிற சாக்கில் மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொள்வார். என்ன கம்பெனி, என்ன எண், என்ன அடையாளம். தன் பந்து என்று தெரிய ஒவ்வொருவரும் பேனாவால் ஒரு புள்ளியோ கோடோ போட்டு வைத்திருப்பார்கள். "பாத்ரூம் போய்ட்டு வந்துர்றேன் சார்" என்று கேடிகளின் கொட்டகைக்குப் பின்னால் போவார். கோடையில் ஏரி வற்றும்போது கோரைக்குள் பொறுக்கிய பந்து ஒரு சாக்கு நிறைய அங்கே இருந்தது. அதில் அதே கம்பெனியில் அதே எண்ணைத் தேடி எடுத்து, ஸ்கெட்ச் பேனாவால் அதே அடையாளத்தைப் போட்டு, கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பையின் அடி கிழிந்திருக்கும். ஆடுகிற இடத்தில் நிஜப் பந்து கிடைக்காவிட்டால், வெளியே இருந்து துணியோடு சேர்த்துப் பிடித்திருந்த விரலைத் தளர்த்திக் காலை லேசாக உதறுவார். பந்து கால்சட்டைக்குள் உருண்டு செருப்புக்குப் பக்கத்தில் புல்லில் வந்து உட்காரும். கையைத் தூக்கி, "இங்க கீது சார்!" என்பார்.

பெரிய மனிதர்கள் கண்ணில் இத்தனை சுலபமாக மண்ணைத் தூவலாம் என்று அவருக்கே முதலில் நம்பிக்கை இல்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. பந்து கிடைத்துவிட்டது என்றால் எவன் கேட்பான்? கேட்டது பொன்னியம்மா ஒருத்திதான்.

"இன்னாயா, தச்சுத் தச்சு குடுக்கறேன், அதே பாக்கெட்டு மறுக்கா மறுக்கா கீய்ஞ்சிகினு வருது? உள்ள இன்னா எலியா வளக்குற?"

"சாவி கீச்சிடுது மே" என்பார் மனைவியிடம். அவளும் திட்டிக்கொண்டே தைப்பாள். மறுநாள் காலை கொட்டகைக்குப் பின்னால் பிளேடால் அதைப் பிரிப்பார். மனசு உறுத்தும். பிரித்துவிட்டுப் போய்விடுவார்.

இந்தப் பிழைப்பு ரொம்ப நாளைக்கு ஓடாது என்பதும் அவருக்குத் தெரியும். அவர் கண் வைத்திருந்தது ஒரு நாற்காலி மேல். முதல் குழிக்குப் பக்கத்தில் குடை நிழலில் ஒரு நாற்காலி போட்டு, கையில் மைக் கொடுத்து, ஆட வந்தவர்களின் பெயரை வரிசைப்படி கூப்பிட்டு அனுப்ப ஓர் ஆளை வைக்கப்போகிறார்கள். மாதச் சம்பளம், தொப்பி, மழைக்கோட்டு. பட்டியலை நேர் எதிரே பிடித்துப் படித்தால் போதும், பறக்கிற எதையும் பார்க்க வேண்டாம். அவருக்கென்றே செய்து வைத்த வேலை. மேனேஜர் ரவிச்சந்திரன் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்: இந்த மாதக் கடைசிக்குள் இணையத்தில் எந்த கேடியின் பெயரை வந்தவர்கள் அதிகமாகப் பாராட்டி எழுதுகிறார்களோ, அவருக்குத்தான் நாற்காலி.

அன்றிலிருந்து வீட்டில் தினமும் சாயங்காலம் ஒரு சடங்கு. மருமகள் ஜெயப்பிரியா பூந்தமல்லியில் மருந்துக் கடையில் வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, காபியோடு போனை எடுத்து உட்காருவாள். வந்தவர்கள் எழுதியதை ஒன்று விடாமல் படிப்பாள். துலுக்கானம் பீடியைக்கூடப் பற்றவைக்காமல் கேட்பார்.

"மாமா, இன்னிக்கு ரெண்டு. மொத்தம் இருபத்தேழு. கலியமூர்த்தி மாமா இருபத்தி நாலுதான்."

"அவனும் விடமாட்டான் மா. அவன் பைய தூக்கற எல்லார்கிட்டயும் எழுதச் சொல்லிக் கெஞ்சிகினு கீறான்."

மாதம் முடிய எட்டு நாள் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு ஸ்ரீநாத் வந்தான்.

காட்டுப்பாக்கத்தில் பதினோராவது மாடியில் வீடு, ஐடி வேலை, மட்டை வாங்கி எட்டு மாதம். கூட மனைவி ஸ்வாதி. அவள் ஆடுவதில்லை, கூடவே நடந்து எல்லாவற்றையும் போனில் படம் பிடிப்பாள். இன்னொருவர் அரவிந்தன், ஸ்ரீநாத்தின் ஆபீஸில் மேலதிகாரி, பேச்சில் சர்க்கரையும் பார்வையில் ஊசியும் வைத்திருக்கிற ஆள். ஸ்ரீநாத் நல்ல பையன். இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அன்று கெட்டது நடந்ததெல்லாம் நல்லவர்களால்தான். துலுக்கானத்தை அண்ணா என்று கூப்பிட்டான். கொண்டுவந்த வாழைப்பழத்தில் ஒன்றைக் கொடுத்தான். அவன் பந்தில் நாலாம் நம்பர், பக்கத்தில் இரண்டு சிவப்புப் புள்ளி. துலுக்கானம் துடைத்துக் கொடுத்துவிட்டு பாத்ரூம் போய்வந்தார்.

ஆறு குழி வரை ஒரு வம்பும் இல்லை. ஏழாவது வந்தது.

எல்லோரும் எழுதுகிற குழி அதுதான். இந்தப் பக்கம் ஏரிக்கரை மேல் நின்று அடிக்க வேண்டும். பந்து நூற்று முப்பது கெஜம் தண்ணீரைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் விழ வேண்டும். அங்கே ஒரு மண்மேடு, மேட்டுக்குப் பின்னால்தான் வழவழவென்ற புல்தரையும் குழியும். அடிக்கிறவர் கண்ணுக்குக் கொடியின் மேல்பாதி மட்டும் தெரியும். காலையில் சூரியனும் நேர் முகத்தில் அடிக்கும். அதனால் கேடி முன்கூட்டியே கரையைச் சுற்றிப் போய் மேட்டின் மேல் நிற்பது வழக்கம். பந்து தண்ணீரைத் தாண்டிவிட்டால் அதன் கதி கேடிக்கு மட்டும்தான் தெரியும்.

துலுக்கானம் போய் நின்றார். அரவிந்தன் அடித்தது புல்தரையில் பொத்தென்று விழுந்து நின்றது. அடுத்தது ஸ்ரீநாத். மட்டையில் பட்ட சத்தம் சுத்தமாக இருந்தது. நேராக வருகிறது என்று நினைத்தார். தரையில் ஒரு முறை தட்டியது. பிறகு 'டொக்' என்று ஒரு மொண்ணைச் சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

இந்த இடத்தில்தான் விதி விளையாடியது என்று எழுத எனக்கு இஷ்டமில்லை. விளையாடியது மைதானத்து நிர்வாகம். பதினெட்டு வருஷமாகக் குழியில் கொடியைத் தாங்கி நின்றிருந்தது இரும்புக் கம்பம். பந்து பட்டால் 'டிங்' என்று தெரு முனை வரை கேட்கும். முந்தின நாள் சாயங்காலம் ஒன்பது குழியிலும் அதைப் பிடுங்கிவிட்டு வெள்ளை ஃபைபர் கம்பம் நட்டிருந்தார்கள். காலையிலேயே கையில் எடுத்தபோது எடை குறைந்திருந்ததைத் துலுக்கானம் கவனித்தார். ஆனால் அதில் பந்து பட்டால் என்ன சத்தம் வரும் என்பதை அவர் காது அதுவரை கேட்டதில்லை. மொண்ணைச் சத்தம் என்றால் அவருக்குத் தெரிந்தது வலது பக்கத்துப் பழைய பனங்கட்டை. கட்டையில் பட்டு முட்புல்லுக்குள் போய்விட்டது என்று முடிவு கட்டினார்.

கட்டையைச் சுற்றிக் காலால் துழாவினார். இல்லை. குனிந்து கையால் தடவினார். முள் குத்தியதுதான் மிச்சம். கரையைச் சுற்றி அவர்கள் பேசிக்கொண்டு வருகிற சத்தம் நெருங்கியது. காலை உதறினார்.

"இங்க கீது சார்!"

"சூப்பர்ணா! நீங்க இல்லன்னா என்ன ஆயிருக்கும்!" என்றான் ஸ்ரீநாத்.

முட்புல்லில் இருந்த பந்தை மூன்று அடி அடித்துப் புல்தரைக்குக் கொண்டுவந்தான். அதற்குள் அரவிந்தன் தன் பந்தை மெல்லத் தட்டிக் குழிக்குள் தள்ளினார். எடுக்கக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். நிமிர்ந்தபோது கையில் இரண்டு பந்து இருந்தது.

"ஸ்ரீநாத். நாலாம் நம்பர். ரெண்டு சிவப்புப் புள்ளி."

ஒரே அடியில் பந்து குழிக்குள் போவது என்பது கோல்ஃப் ஆடுகிறவர்கள் வாழ்நாள் முழுவதும் ஏங்கியும் கிடைக்காத விஷயம். ஸ்ரீநாத்துக்கு எட்டு மாதத்தில் கிடைத்துவிட்டது. அவன் மட்டையைத் தூக்கி எறிந்தான், புல்லில் விழுந்து புரண்டான், ஸ்வாதியைத் தூக்கிச் சுற்றினான். துலுக்கானத்தையும் கட்டிப்பிடித்தான். அவன் தோளுக்கு மேலாகத் துலுக்கானம் முட்புல்லிலிருந்து வந்த பந்து எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். அது அவனுக்கு எப்படித் தெரியும்?

அரவிந்தன்தான் கொண்டாடவில்லை. முட்புல்லிலிருந்து வந்த பந்தையும் குழியிலிருந்து எடுத்த பந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் நாலு. ரெண்டுலயும் ரெண்டு புள்ளி. அண்ணா, கொஞ்சம் இங்க வாங்க. பாக்கெட்டைக் காட்டுங்க."

"சார், ஒண்ணும் இல்ல சார்…"

அரவிந்தன் சிரித்துக்கொண்டே கையை அவர் கால்சட்டைப் பைக்குள் விட்டார். கை முழங்கை வரை போய்த் தொடையைத் தொட்டது. ஸ்வாதி வாய்விட்டுச் சிரித்தாள். சட்டைப் பையிலிருந்து சிவப்பு, நீலம், கறுப்பு ஸ்கெட்ச் பேனாக்கள் வந்தன. ஐம்பத்தொன்பது வயசு மனிதரைப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நிறுத்தி வைத்துச் சோதனை போட்டார்கள்.

"ஏன் இப்படி? உங்களுக்குத்தான் கழுகுக் கண்ணாச்சே" என்ற அரவிந்தன் ஒரு வினாடி யோசித்தார். கையிலிருந்த பந்தை மேலே எறிந்தார். "பிடிங்க!"

துலுக்கானம் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். பந்து அவருக்குப் பின்னால் விழுந்தது. கை நீட்டியபடியே இருந்தது. இன்னொரு பந்தை எறிந்தார் அரவிந்தன். அது தோளில் பட்டு விழுந்தது.

"ஐயோ, இவருக்குக் கண்ணே தெரியல!" என்றாள் ஸ்வாதி. போனைக் கீழே இறக்கவில்லை.

அப்புறம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது. துலுக்கானம் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் சொன்னது, பந்துச் சாக்கு, பிளேடு, நாற்காலி. வீட்டில் யாருக்கும் தெரியாது என்பதையும் சொன்னார்.

"எட்டே நாள் சார். உங்க பந்தை நான் திருடல. இருக்கறதோட ஒண்ணு கூடத்தான் வெச்சேன். தயவு பண்ணி இத மட்டும் எழுதிராதீங்க சார். உங்க கால்ல உழறேன்." நிஜமாகவே குனிந்தார்.

ஸ்ரீநாத் பதறிப்போய் அவர் தோளைப் பிடித்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "அண்ணா, என்ன இது! உங்களப் பத்தித் தப்பா எழுதுவேனா? என் லைஃப்லயே பெஸ்ட் நாள் இது. நல்லதுதான் எழுதுவேன். ப்ராமிஸ்."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

மறுநாள் திங்கட்கிழமை சாயங்காலம். ஜெயப்பிரியா காபியோடு உட்கார்ந்தாள். பொன்னியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். துலுக்கானம் சுவரோரம் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தாரே தவிர, உயிர் அந்தப் போனில் இருந்தது.

"மாமா, பெரிசா ஒண்ணு வந்துகீது! தமிழ்லயே எழுதிகீறாங்க. ஃபோட்டோ, வீடியோலாம் போட்டு." அவள் உற்சாகமாகப் படிக்க ஆரம்பித்தாள். "'விடிகாலைப் பனியில் ஏரி கண்ணாடி போல் கிடந்தது. கூழைக்கடாக்கள் எங்களை வரவேற்றன. இங்கே ஏழாவது குழியில் நான் ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் அனுப்பினேன்! ஆனால் அதைவிடப் பெரிய அதிசயம் எங்கள் கேடி துலுக்கானம் அண்ணா.' பாத்தீங்களா மாமா, உங்க பேரு! 'கழுகுக் கண் என்று எல்லோரும் எழுதுகிறீர்களே, உங்களுக்கு ஓர் உண்மை சொல்லட்டுமா? அண்ணாவுக்குக் கண்…'"

அவள் நிறுத்தினாள்.

"இன்னாமா, படி" என்றாள் பொன்னியம்மா.

"அத்தே…"

"படிம்மா."

"'…கண் தெரியாது. இரண்டு வருஷமாக எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறார், அதுவும் என்ன அழகாக! கால்சட்டையில் ஓட்டை. அதன் வழியாகப் பந்து விழும். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்துவிட்டது. வீடியோவைப் பாருங்கள். இப்படி ஒரு மனிதருக்காகவே இங்கே வரலாம். தவறாமல் துலுக்கானம் அண்ணாவைக் கேட்டு வாங்குங்கள். ஐந்து நட்சத்திரம்.'"

போனிலிருந்து வீடியோ தானாக ஓட ஆரம்பித்தது. பிடிங்க என்ற குரல் கேட்டது. சிரிப்புச் சத்தம் கேட்டது. ஜெயப்பிரியா அவசரமாக அதை அணைத்தாள்.

பொன்னியம்மா கீரையை அப்படியே தட்டில் வைத்தாள். எழுந்து போய்க் கொடியில் காய்ந்த கால்சட்டையை எடுத்தாள். பையின் உள்பக்கத்தை வெளியே இழுத்து, தான் தைத்த தையல் மேல் தையல் மேல் தையலாகப் போயிருந்ததை விரலால் தடவிப் பார்த்தாள். கிழிந்த ஓரம் பிளேடால் அறுத்தது போல நேராக இருந்தது. அவள் எத்தனையோ தடவை பார்த்ததுதான்.

"பக்கத்துல படுத்துகினு கீறேன். என்கிட்ட சொல்லக் கூடாதா?"

 அவமானத்தைவிட அந்தக் கேள்விதான் அவரைச் சுருட்டிப் போட்டது.

புதன்கிழமை மேனேஜர் ரவிச்சந்திரன் கூப்பிட்டு அனுப்பினார். போகும் வழியில் கலியமூர்த்தி எதிரே வந்து கையைப் பிடித்துக்கொண்டான். பதினெட்டு வருஷமாக ஒரே கொட்டகையில் டீ குடித்தவன்.

"மாமே, என்னிய தப்பா நெனக்காத. உன் கண்ணு மேட்டரு எனக்கு ரெண்டு வருசமா தெரியும். ஒரு வார்த்த வெளிய சொல்லிருப்பனா?"

"எப்பிடித் தெரியும்?"

"நீ டீ கிளாஸைக் கையால தடவித்தான எடுப்ப. எல்லாருக்குமே தெரியும் மாமே. நாங்க உன்ன காட்டிக் குடுக்கல."

எல்லாருக்கும் தெரியும். இரண்டு வருஷமாகத் தான் செய்த ஜாலமெல்லாம் கொட்டகை முழுக்கப் பார்த்துக்கொண்டு, பரிதாபப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. ஒருத்தன்கூடப் பக்கத்தில் வந்து ஒரு பந்தைக் கண்டுபிடித்துக் கொடுக்கவில்லை. கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனார்.

"உக்காருங்க துலுக்கானம்" என்றார் ரவிச்சந்திரன். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக உட்காரச் சொன்னார். கோபத்தின் சாயலே இல்லை. "ரெண்டு லட்சம் பேர் பாத்திருக்காங்க. அடுத்த மூணு ஞாயித்துக்கிழமை ஃபுல். எல்லாரும் உங்களத்தான் கேக்கறாங்க."

"சார், அந்த நாற்காலி…"

"அது கலியமூர்த்திக்குப் போட்டாச்சு. கண் தெரியாதவர முன்னாடி மைக் குடுத்து உக்கார வெக்க முடியுமா, சொல்லுங்க."

"நேரா வெச்சா படிப்பேன் சார். பொடி எழுத்துகூடப் படிப்பேன்." மேஜை மேல் கிடந்த தாளை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்து மளமளவென்று படித்தார். தண்ணீர் வரி கட்டச் சொல்லி வந்த அறிவிப்பு அது. ஒரு எழுத்து தப்பவில்லை. ஆவடி என்று முடிகிற முகவரி வரைக்கும் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

ரவிச்சந்திரன் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "நல்லாத்தான் படிக்கறீங்க. ஆனா நெட்ல உங்களுக்குக் கண் தெரியாதுன்னு போட்டிருக்கே. இப்ப நீங்க உக்காந்து படிச்சா, வர்றவங்க என்ன நினைப்பாங்க? நாமதான் நாடகம் ஆடறோம்னு நினைப்பாங்க."

துலுக்கானம் தாளைத் திருப்பி மேஜை மேல் வைத்தார்.

"பை தூக்கற வேலையும் இனிமே வேணாம். ஆனா உங்கள அனுப்ப மாட்டேன். ஏழாவது குழி மேட்டுல ஒரு நாற்காலி போட்டு, குடை வெச்சுத் தர்றேன். ஞாயிறு, லீவு நாள்ல வந்து உக்காருங்க. அவங்க அடிக்கட்டும். நீங்க எழுந்து அதே மாதிரி கால உதறி ஒரு பந்தைப் போட்டு, இங்க கீது சார்னு சொல்லணும், அவ்வளவுதான். நாள் கூலி."

"டாக்டர் இன்னும் ஒரு வருசத்துல மிச்சம் கீறதும் பூடும்னாரு சார்."

"அதப் பத்திக் கவலையே படாதீங்க" என்றார் ரவிச்சந்திரன், மனசாரத்தான் சொன்னார். "இந்த வேலைக்கு அது ஒரு பிரச்சினையே இல்ல."

மகனுக்கு வேலை நிரந்தரமில்லை. ஜெயப்பிரியா சம்பளம் வாடகைக்கே சரியாகப் போகிறது. ஐம்பத்தொன்பது வயசில் பாதிக் கண்ணோடு வேறு எந்த வாசலில் போய் நிற்பது? சரி சார் என்றார்.

முதல் ஞாயிறு நாற்பத்தைந்து பேர் வந்தார்கள். துலுக்கானம் மேட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தூரத்தில் முதல் குழியிலிருந்து கலியமூர்த்தியின் மைக் குரல் காற்றில் வந்தது. பெயர்களைத் தப்புத் தப்பாகப் படித்தான். அக்கரையிலிருந்து பந்து வந்து அவரைச் சுற்றி விழுந்தது. கூச்சலில் எது எந்தப் பக்கம் வருகிறது என்று காதுக்குப் பிடிபடாததால் ஒவ்வொரு மட்டைச் சத்தத்துக்கும் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார். அதற்கும் சிரித்தார்கள். ஒரு பெண் முகத்துக்கு முன்னால் விரலை ஆட்டி இது எத்தனை என்று கேட்டாள். மூன்று என்று சரியாகச் சொன்னார். அவள் முகம் வாடிப்போயிற்று. அடுத்த ஆள் கேட்டபோது தெரியலீங்க என்று சொல்லக் கற்றுக்கொண்டார்.

மதியத்துக்குள் ஸ்ரீநாத் ஆபீஸ் நண்பர்களோடு வந்துவிட்டான். குரலை வைத்தே துலுக்கானத்துக்குத் தெரிந்தது.

"அண்ணா! எப்படி இருக்கீங்க? நல்லதுதான் எழுதுவேன்னு சொன்னேன்ல? பாருங்க, நாற்காலியே கிடைச்சிடுச்சு!"

பச்சை மட்டையால் நாலு சாத்து சாத்த வேண்டும் போல இருந்தது துலுக்கானத்துக்கு. அவன் வாழைப்பழத்தைத் தின்ற வாய் அது. "ஆமா சார். நல்லா எழுதனீங்க சார்" என்றது.

ஸ்ரீநாத்தின் நண்பன் ஒருவன் அடித்த பந்து எல்லோர் கண்ணெதிரே தண்ணீரில் விழுந்தது. எங்கேண்ணா பந்து என்று கோரஸாகக் கத்தினார்கள். துலுக்கானம் எழுந்து காலை உதறினார். கை தட்டினார்கள்.

மாதக் கடைசியில் ரவிச்சந்திரன் கேடிகளைக் கூட்டிப் பெயர் எண்ணிக்கையை வாசித்தார். கலியமூர்த்தி இருபத்தாறு. துலுக்கானம் நூற்றுப் பதினொன்று. எல்லோரும் கை தட்டியதும், அவருக்கென்று தைத்த யூனிஃபார்மைக் கொடுத்தார். மஞ்சள் சட்டை, பச்சைக் கால்சட்டை, அக்கரையிலிருந்து பார்த்தாலும் பளிச்சென்று தெரிகிற மாதிரி.

சாயங்காலம் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டில் மேல் வைத்தார். ஜெயப்பிரியா இப்போதெல்லாம் போனைப் படிப்பதில்லை. நெட் சரியில்லை மாமா என்று சொல்லிவிடுவாள். பொன்னியம்மா பச்சைக் கால்சட்டையை எடுத்து உதறிப் பார்த்தாள். கெட்டித் துணி, பையின் அடியில் இரட்டைத் தையல். இரண்டு வருஷம் ஆனாலும் பிரியாது.

தையல் டப்பாவிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். பையை வெளியே இழுத்து அடிப்பக்கத்தை ஒரே வெட்டாக வெட்டினாள். நூல் பிரியாமல் இருக்க ஓரத்தைச் சுற்றி மடித்துத் தைத்தாள். முடித்ததும் அவர் கையைப் பிடித்துக் கால்சட்டையை அதில் வைத்தாள்.

"போட்டுக்கினு ஒரு பந்த உட்டுப் பாருயா" என்றாள். "சிக்கிச்சுன்னா சொல்லு, இன்னும் கொஞ்சம் வெட்டித் தரேன்."